கொழும்பில் எங்கே தங்குவது?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ஒரு பெண்ணிடம் ஊரவர் முதலில் கேட்பது “என்னத்துக்குப் போறியள்?” என்றல்ல. “ஆற்றை வீட்டிலை நிக்கப்போறியள்?” என்றுதான் கேட்பார்கள். யாருடைய வீட்டிலுமில்லை, காசு கொடுத்து அறை எடுத்துத்தான் தங்கப்போகிறேன் என்று அவள் சொன்னால் கேட்டவரின் முகம் சற்று மாறும். அந்த முகத்துக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் போகவேண்டிய பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கிளினிக் தவணை தவறிய கதைகளும், நேர்முகப் பரீட்சைக்கு முந்திய இரவு பஸ் நிலையத்து வாங்கில் விடிய விடிய இருந்த கதைகளும் எனக்குத் தெரியும்.

எமது மாதர் சங்கத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். வடமராட்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் பெண்களோடு துணைக்குப் போய்வருவது அந்த வேலையில் ஒரு பகுதி. கணவனை இழந்தவர், கணவன் காணாமற்போனவர், கணவன் படுக்கையில் இருப்பவர் என்று பலவிதம். முன்பென்றால் இந்த அலுவல்களுக்கெல்லாம் வீட்டில் ஓர் ஆண் போய்வந்திருப்பார். அவருக்கு இரவு எங்கே படுப்பது என்பது ஒரு பிரச்சினையே அல்ல, சிநேகிதனின் கடைத் திண்ணையிலும் படுத்துவிடுவார். இன்று போரின் பிறகு குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கும் பெண்களே கடிதங்களைக் கோவையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். ஆகவே எங்கே தங்குவது என்பதை வெட்கப்படாமல் வெளிப்படையாகப் பேசுவோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பழைய பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் கொழும்பு என்று நினைக்கிறோம். இந்தியத் துணைத் தூதரகம் 2010 முதல் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. காணாமற்போனோர் அலுவலகத்தின் பிராந்திய அலுவலகம் 2019 இல் யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்டது. 2025 செப்ரெம்பரில் யாழ். மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகமும் வந்துவிட்டது. அதற்கு முன் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போய்ப் பட்ட பாட்டைப் பட்டவர்களே அறிவார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாடு முழுவதையும் நடந்து கடந்தவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்தது அது. இங்கே முடிகிற அலுவலை இங்கேயே முடித்தால் ஒரு இரவுக் கூலியும் இரண்டு பஸ் காசும் மிச்சம். இதற்கு மேலும் போகவேண்டியிருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

அந்த நாட்களில்

1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அது மீண்டும் யாழ். நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்ரோபரில். இடைப்பட்ட இருபத்துநான்கு வருடங்களில் கொழும்புப் பயணம் என்றால் என்ன என்பதை இளம் சகோதரிகள் சிலர் அறியமாட்டார்கள். நான் முதன்முதலாகத் தனியே போனது 1998 இல். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து பஸ். தரைவழியாக வந்தவர்கள் வவுனியாவில் பாஸ் எடுக்கக் காத்துக்கிடந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் மூன்று பேருக்கான அறையில் ஐந்து பெண்கள் படுத்தோம். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. ஆனால் ஐந்து பேருக்கும் ஒரே கவலை. பொலிஸ் பதிவுத் துண்டு வருமா, வராதா? 1996 சனவரி 31 இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்த பின்னர் பதிவில்லாமல் ஒரு இரவுகூட நிற்கமுடியாது என்ற நிலை. லொட்ஜ்காரர் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போவார். அவர் திரும்பி வரும்வரை யாரும் சாப்பிடப்போகவும் மாட்டோம்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. நாலு வருடம் மூச்சுவிட்டோம். 2006 ஓகஸ்ற் 11 இல் முகமாலையில் சண்டை தொடங்கப் பாதை மூடியது. மறுபடி கப்பல், மறுபடி விமானம், அதற்கும் இராணுவத்தின் அனுமதி. அப்படி அனுமதி எடுத்துக் கொழும்புக்கு வந்தவர்கள், வந்த அலுவல் முடிந்தும் திரும்ப இடம் கிடைக்காமல் லொட்ஜ்களில் வாரக்கணக்கில் இருந்தார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து கூட்டிவந்த தாய்மார்.

2007 யூன் 7 அதிகாலையில் பொலிஸார் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களின் கதவுகளைத் தட்டினார்கள். சரியான காரணமின்றி கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லித் தமிழர்களைப் பஸ்களில் ஏற்றினார்கள். பலருக்குச் சாமான் அடுக்க அரை மணித்தியாலம்கூடக் கிடைக்கவில்லை. அரசு சொன்ன கணக்கின்படியே 376 பேர், அவர்களில் 85 பேர் பெண்கள். பெரும்பாலானோரை வவுனியாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் சென்றது. மறுநாளே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பி வந்தார்கள். ஆனாலும் அதன்பின் வெகுகாலம் எமது பெண்கள் லொட்ஜில் பையை அவிழ்த்து உடுப்பை வெளியே எடுத்து வைக்கமாட்டார்கள். பையைத் தலைமாட்டில் வைத்து, செருப்பைக் கட்டிலுக்குக் கீழே நேராக வைத்துவிட்டுப் படுப்பார்கள். இன்றும் அப்படிப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கேலி செய்வதில்லை.

அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்றில் நீங்கியது. இப்போது யாருக்கும் கொழும்பில் தங்க அனுமதி தேவையில்லை. காசும் அடையாள அட்டையும் போதும்.

உறவினர் வீடு

காசு மிச்சம், பாதுகாப்பு, வாய்க்கு ருசியான சாப்பாடு. உறவினர் வீட்டுக்கு உள்ள நன்மைகளை நான் மறுக்கவில்லை. சில வீடுகள் உண்மையிலேயே தாய்வீடுகள். அப்படி ஒரு வீடு உங்களுக்கு இருந்தால் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு பிளாட் என்றால் இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குளியலறை. காலையில் வேலைக்குப் போகும் மருமகனும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், வயதான மாமியும் அந்த ஒரு குளியலறைக்கே வரிசையில் நிற்பார்கள். நீங்கள் ஐந்து மணிக்கு எழும்பிக் குளித்து முடிக்கவேண்டும். ஹோலில் பாய் விரித்துப் படுத்தால் கடைசியாகத் தொலைக்காட்சியை நிற்பாட்டும்வரை படுக்கமுடியாது. இரண்டு நாளென்றால் இது பெரிய விடயமல்ல. கீமோ கொடுக்கும்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை, எட்டுத் தடவை போய்வரவேண்டும் என்றால்? சத்தி வரும், மணங்கள் பிடிக்காது, மலசலகூடத்துக்கு இரவில் நாலுதரம் எழும்பவேண்டும். மற்றவர் வீட்டில் நோயோடு இருப்பது நோயை இரண்டு மடங்காக்கும்.

வெறுங்கையோடு போகமுடியாது என்பதும் எங்கள் பழக்கம். முருங்கைக்காய், பனங்கட்டி, ஒடியல் மா, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல். இவற்றின் விலையைக் கூட்டிப் பாருங்கள். பல தடவைகளில் அது ஒரு இரவு அறைக்கூலிக்குக் கிட்ட வந்துவிடுகிறது! திரும்பும்போது பிள்ளைகளின் கையில் ஏதாவது வைக்கவேண்டும், அது வேறு.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் பத்திரிகையில் எழுதுவதில்லை. சாமியறையை ஒட்டியே படுக்கையும் இருக்கும் சிறிய வீட்டில் மாதவிலக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? எத்தனை பெண்கள் “துடக்கு” என்று சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் மனமில்லாமல் அவதிப்பட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிற நேரமாயிருந்தால் கணவனை இழந்தவள் தானாகவே ஒதுங்கி நிற்கிறாள். “நீங்கள் அறைக்குள்ள இருங்கோ அக்கா” என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பு எனக்கு வேண்டாம். வேறிடத்தில் காசு கொடுத்துப் படுத்தால் என் காசுக்கு நான் வெளியே வந்து உட்காரலாம்.

உறவினர் வீட்டில்தான் தங்குவதென்றால் எத்தனை நாள் என்பதைப் போகுமுன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொன்ன நாளுக்கு மேல் நிற்கவேண்டி வந்தால் அந்த மேலதிக நாட்களுக்கு அறை எடுங்கள். உறவும் மிஞ்சும்.

அறை எடுக்கும்போது

யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கு வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ இறக்கிவிடுகின்றன. பெண்களுக்குச் சிரமம் தொடங்குவது அந்த நேரத்தில்தான். இருட்டு. ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். “அக்கா, நல்ல லொட்ஜ் ஒண்டு இருக்கு, கூட்டிக்கொண்டு போறன்” என்பார்கள். அவர்கள் கூட்டிப்போகும் இடம் அவர்களுக்குக் கொமிசன் கொடுக்கும் இடம். ஆகவே புறப்படுமுன்பே இடத்தைப் பேசிவைத்து, ஓட்டோக்காரரிடம் இடத்தின் பெயரையும் வீதியையும் நீங்களே சொல்லுங்கள்.

பேசும்போது கேட்கவேண்டிய முதற் கேள்வி கூலி எவ்வளவு என்பதல்ல. நாளை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பது. சில இடங்களில் நீங்கள் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலம். சில இடங்களில் மதியம் 12 மணியோடு நாள் முடியும். அப்படியான இடத்தில் காலை ஐந்து மணிக்குப் போய் அறை எடுத்தால் ஏழு மணித்தியாலத்துக்கு ஒரு முழுநாள் காசு. காலையில் போய்க் குளித்து உடுப்பு மாற்றி அலுவலைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்புபவருக்கு அறையே வேண்டியதில்லை. குளித்து இளைப்பாற மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பல இடங்களில் ஒரு தொகை சொல்வார்கள். கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குபவர்கள் நிலையத்தின் ஓய்வறையையும் விசாரிக்கலாம்.

இரண்டாவது, முன்மேசையில் இருப்பவரின் கேள்விகள். “தனியவோ வந்தனீங்கள்? அவர் எங்க?” இந்தக் கேள்விக்கு எங்கள் பெண்கள் கூனிக்குறுகிப் போகிறார்கள். கணவர் இறந்த கதையை, முள்ளிவாய்க்கால் கதையை அந்த மேசைக்கு முன் நின்று சொல்லத் தொடங்குகிறார்கள். வேண்டாம் சகோதரிகளே. பதினெட்டு வயது கடந்த ஒரு பெண் தனியே அறை எடுக்கக்கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. அடையாள அட்டையைக் கேட்டால் காட்டுங்கள், அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களில் ஈடுபட்ட ஒருவன் தெஹிவளையில் ஒரு சிறிய விடுதியில் அறை எடுத்திருந்தான், குண்டு அங்கேயே வெடித்தது. அதன்பின் சிறிய விடுதிகளும் அட்டையைப் பார்த்துப் பிரதி எடுக்கின்றன. பிரதி எடுக்கட்டும், மூல அட்டையை விட்டுவிட்டு வராதீர்கள். கணவர் எங்கே என்ற கேள்விக்கு “அலுவலாய் வந்தனான், ஒரு ஆள், இரண்டு இரவு” என்ற பதில் போதும்.

ஒருமுறை என்னோடு வந்த தாய் தன் இருபத்துமூன்று வயது மகனோடு ஓர் அறை கேட்டார். முகாமையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு “மகன் எண்டதுக்கு அத்தாட்சி இருக்கோ?” என்றார். மகனின் பிறப்புச் சான்றிதழ் நேர்முகப் பரீட்சைக்காகக் கைப்பையிலேயே இருந்தது. அந்தத் தாய் அதை எடுக்கவில்லை. “வா தம்பி” என்று சொல்லி வெளியே நடந்தார். பக்கத்து ஒழுங்கையில் வேறிடம் கிடைத்தது, கூலி நூறு ரூபா கூட. அந்த நூறு ரூபா வீண் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவது, காசு கொடுக்குமுன் அறையைப் பாருங்கள். இது உங்கள் உரிமை. சிங்களம் மட்டும் பேசுமிடத்தில் “காமரே பலன்ன புளுவந்த?” என்று கேளுங்கள், அறையைப் பார்க்கலாமா என்று அர்த்தம். போகும்போது “பில் எக்கக் தென்ன” என்றால் பற்றுச்சீட்டு தருவார்கள். இந்த இரண்டு வசனத்தையும் எமது சங்கத்துப் பெண்கள் கோரஸாகச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள், சிரிப்போடுதான்.

அறைக்குள் போனதும் கட்டிலையும் மெத்தை விரிப்பையும் பார்க்கத்தான் கண் போகும். முதலில் கதவைப் பாருங்கள். உட்பக்கம் கொண்டி இருக்கிறதா, அது சட்டத்தில் இறுக்கமாக விழுகிறதா? வெறும் திறப்புப் பூட்டு மட்டுமென்றால் வேறு அறை கேளுங்கள், ஏனென்றால் அந்தப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு கீழே மேசையில் இருக்கும். யன்னல் பொதுவழி விறாந்தைப் பக்கம் திறக்கிறதா? மேற்சுவரில் காற்றுப்போகும் ஓட்டை இருந்தால் அதற்கு அந்தப்பக்கம் என்ன? குளியலறை அறைக்குள்ளேயா, வெளியிலா? வெளியிலென்றால் யார் யாரோடு பொது? குளியலறையின் கொண்டியையும் போட்டுப் பாருங்கள், அங்கேதான் அது பெரும்பாலும் உடைந்திருக்கும். மின்குமிழ், துணிக் கொழுவி, கண்ணாடி ஆகியவற்றில் புதிதாக ஏதாவது பொருத்தியதுபோல் தெரிந்தால், ஒரு சிறு துளை குளியலறையை நோக்கிப் பார்த்தால், அங்கே தங்காதீர்கள். கைத்தொலைபேசிக் காலத்தில் இது வெறும் பயமல்ல.

கீழ்த்தளத்து அறையும் வேண்டாம், ஆளரவமற்ற கடைசி மாடியும் வேண்டாம். மாடிப்படிக்குக் கிட்ட, வேறு குடும்பங்கள் தங்கியிருக்கும் தளத்தில் கேளுங்கள். கீழே மதுச்சாலை உள்ள இடம் மலிவாகத்தான் இருக்கும். ஏன் மலிவென்று இரவு பத்து மணிக்குத் தெரியும். நான் வெள்ளவத்தையில் இடம் பார்ப்பதற்குக் காரணம் அங்கே தமிழ் பேசலாம் என்பது மட்டுமல்ல. காலி வீதியில் இரவு ஒன்பது மணிக்கும் கடைகள் திறந்திருக்கும், பெண்கள் நடமாடுவார்கள், ஒரு இடியப்பப் பார்சல் வாங்க ஓட்டோ பிடிக்கவேண்டியதில்லை. கடற்கரைப் பக்கத்து அறைக்குக் கூலி கூட. கடலை எங்களூரிலேயே பார்க்கலாம்.

கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கம் போன்ற பெண்களுக்கான அமைப்புகளும் நகரில் விடுதிகள் நடத்துகின்றன. எந்தச் சமயத்தவரும் கேட்கலாம். ஆனால் நீண்டகாலம் தங்கும் மாணவிகளும் வேலைக்குப் போகிறவர்களும் இடத்தை நிரப்பிவிடுவதால் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும். இரவில் வாயிற்கதவு பூட்டும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு பஸ் பிந்தினால் நீங்கள் தெருவில் நிற்கக்கூடாது.

மகரகம

மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர் வெள்ளவத்தையில் தங்கி ஒவ்வொரு நாளும் ஓட்டோவில் போனால் கூலியைவிட ஓட்டோக் காசு அதிகமாகும். புறக்கோட்டையிலிருந்து ஹைலெவல் வீதியால் போகும் 138 ஆம் இலக்க பஸ் மகரகமவுக்குப் போகும். கதிர் சிகிச்சை கிழமைக்கு ஐந்து நாள், பல கிழமை தொடரும். அதற்கு வைத்தியசாலைக்குக் கிட்டவே இடம் வேண்டும். தூர மாவட்ட நோயாளிகளும் துணையாட்களும் தங்குவதற்குத் தருமநோக்கில் நடத்தப்படும் இல்லங்கள் அந்தச் சுற்றாடலில் இருக்கின்றன. ஓட்டோக்காரரிடம் விசாரிக்காமல், கிளினிக்கின் தாதியிடமோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். கேட்கும்போது உங்கள் ஊரையும் எத்தனை நாள் சிகிச்சை என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். யாழ்ப்பாணம் என்று சொல்ல இன்னும் சிலர் தயங்குகிறார்கள். தூரத்து மாவட்டம் என்பதே அங்கே உங்களுக்கு முன்னுரிமை பெற்றுத்தரும் காரணம்.

வீடுகளில் அறை வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. சிங்களக் குடும்பங்கள். மொழி தெரியாது என்று பயப்பட்ட பல பெண்கள் அங்கே மாதக்கணக்கில் இருந்து, வீட்டுக்கார அம்மாவோடு சேர்ந்து குசினியில் சமைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு சகோதரி இன்றும் பனங்கட்டி அனுப்புகிறார், புதுவருடத்துக்கு அங்கிருந்து கொக்கிஸ் வருகிறது.

முகவர் வீடு

மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. “விமானம் வரும்வரை எங்கட வீட்டிலை நில்லுங்கோ, செலவில்லை” என்று சொல்லும் துணை முகவரின் வீடு ஒரு தங்குமிடம் அல்ல. அங்கே கடவுச்சீட்டை வாங்கி வைப்பார்கள், தொலைபேசியை வாங்கி வைப்பார்கள், மனம் மாறினால் “இவ்வளவு நாள் சாப்பாட்டுக் காசு” என்று கணக்குக் காட்டுவார்கள். முகவருக்குச் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். கொழும்பில் ஒரு இரவு தங்கவேண்டி வந்தால் உங்கள் காசில், நீங்கள் தெரிந்தெடுத்த இடத்தில் தங்குங்கள். திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும்.

எங்கே தங்கினாலும் 1938 என்ற இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்துவையுங்கள். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் அது. பொலிஸ் அவசரம் 119. இலவச நோயாளர் காவுவண்டி 1990.

சுமைதாங்கியும் யப்பானும்

தங்குமிடம் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவே வீதி போகிறது, இருபுறமும் கல்திண்ணை, மேலே கூரை. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கினார்கள். மடமும் கேணியும் ஆவுரோஞ்சிக்கல்லும் சுமைதாங்கியும் ஒருகாலத்தில் எங்கள் வீதிகளின் அடையாளம். சுமைதாங்கி எதற்காகக் கட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவுக்காக. இறந்த பெண்ணின் பெயரால் வழிப்போக்கனின் தலைச்சுமையை இறக்க ஒரு கல் நட்டார்கள். ஆனால் உயிரோடு வழி வந்த பெண் இரவு மடத்தில் தனியே படுத்திருப்பாளா? கோயிற் சூழல் மட்டும் கொஞ்சம் வேறு. செல்வச்சந்நிதி மடங்களில் இன்றும் பெண்கள் கூட்டமாகத் தங்குகிறார்கள், சாப்பாடும் கிடைக்கிறது.

என் தங்கையின் மகள் முதியோர் பராமரிப்பு வேலைக்காக யப்பானில் ஒசாகா நகரத்துக்குப் போயிருக்கிறாள். போய் இறங்கிய முதல் இரண்டு இரவுக்கு இடம் தேடவேண்டியிருந்தது. “பெரியம்மா, இஞ்ச ஹோட்டலிலை பொம்பிளையளுக்கெண்டு தனி மாடி இருக்கு. அந்த மாடிக்கு எங்கட அட்டையைக் காட்டினாத்தான் லிப்ற் நிக்கும்” என்று தொலைபேசியில் சொன்னாள். பெட்டி போன்ற சிறு சிறு கூடுகளில் படுக்கும் விடுதிகளும் அங்கே உண்டு. அது 1979 இல் ஒசாகாவில்தான் தொடங்கியது, கட்டடக் கலைஞர் கிஷோ குரோகவா வடிவமைத்தது. கடைசி ரயிலைத் தவறவிட்ட ஆண்களுக்கென்றே தொடங்கிய அந்த விடுதிகளில் இப்போது பெண்களுக்குத் தனிப் பகுதியும், பெண்களுக்கு மட்டுமான விடுதிகளும் வந்துவிட்டன. அவளிடம் நான் கேட்டதும் அதே கேள்விதான். உள்ளே கொண்டி இருக்கோ? கூட்டுக்குத் திரைச்சீலை மட்டும்தானாம், பூட்டு இல்லையாம். மாடியின் வாசலில்தான் பூட்டு. அவள் அறையுள்ள ஹோட்டலையே எடுத்தாள், நல்லது.

அதே ஒசாகாவிலிருந்து ரயிலேறிப் போகக்கூடிய கோயாசான் மலையில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த கோயில்கள் இருக்கின்றன, ஐம்பதளவில் யாத்திரிகர்களுக்கு அறையும் கொடுக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேலாக அந்த மலைக்குள் பெண்கள் நுழையக்கூடாது என்றிருந்தது. மலையின் ஏழு வாசல்களிலும் பெண்கள் மண்டபம் என்று ஒவ்வொன்று கட்டிவிட்டார்கள். வந்த பெண்கள் அங்கேயே தங்கி, வெளியே நின்றபடி கும்பிட்டுவிட்டுத் திரும்பவேண்டும். 1872 இல் அரசு அந்தத் தடையை நீக்கியது. ஏழு மண்டபங்களில் ஒன்றுதான் இன்று மிஞ்சியிருக்கிறது. உள்ளே போக வழி கிடைத்தபின் வாசலில் யார் தங்குவார்கள்?

எங்கள் பக்கத்துக்கும் காலம் மாறியிருக்கிறது. போர்க்காலத்தில் யாழ் நகரில் சுபாஸ், ஞானம்ஸ் போன்ற பெயர்பெற்ற ஹோட்டல்களின் கட்டடங்களே இராணுவத்தின் பாவனையில் இருந்தன. வெளியூரவருக்கு இங்கே தங்க இடமில்லை. இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை விருந்தினர் விடுதிப் பலகை தொங்குகிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அறை தேடி அலைகிறார்கள். தெற்கிலிருந்து வரும் உத்தியோகத்தர்களிலும் பெண்கள் அதிகம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, இரண்டு மூன்று அறை சும்மா பூட்டிக்கிடக்கும் வீட்டில் தனியே இருக்கும் எங்கள் சகோதரிகள் சிலர் அந்த அறைகளைப் பெண்களுக்கு மட்டும் நாள் வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறார்கள். தையல் மெசினும் கோழிக்கூடும் மட்டுமே வாழ்வாதாரம் என்று திட்டம் எழுதுபவர்கள் இதையும் கவனிக்கலாம்.

கோப்பாய்ப் பக்கத்தில் அப்படித் தொடங்கிய ஒருவர் என்ன என்ன வாங்கவேண்டும் என்று என்னிடம் கேட்டார். புது மெத்தை, பூப்போட்ட யன்னல் சீலை, சுவரில் தொங்கவிடப் படம் என்று ஒரு நீண்ட பட்டியல் வைத்திருந்தார். நான் சொன்னது இவ்வளவுதான். கதவுக்கும் குளியலறைக்கும் உட்பக்கம் நல்ல கொண்டி. கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் சுவிட்ச். நுளம்புவலை, சுடுதண்ணிப் போத்தல், மூடியுள்ள குப்பைவாளி. காலை ஐந்து மணிக்கு வருபவருக்கும் கேற் திறப்பேன் என்ற வாக்கு. வருபவரிடம் கணவரைப் பற்றிக் கேட்கக்கூடாது. மெத்தையைப் பிறகு மாற்றலாம்.